கேளுங்கள், சொல்கிறோம்: ஒஸ்ரின் ஏ-40

கேள்வி: போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடினவே, எப்படி? இப்போது ஒன்று வாங்கலாமா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: ஹேபேர்ட் ஒஸ்ரின் 1905இல் இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜில் தொடங்கிய கம்பனி இது, 1952இல் மொறிஸோடு இணைந்து பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டர் கோப்பரேஷன்) ஆயிற்று. அக்காலத்து ஏ-40 சமசெற் மொடலின் 1200 சீசீ எஞ்சினுக்கு அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருட்கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது, ஏறத்தாழ 7:1 தான். அதனால்தான் மண்ணெண்ணெயையும் சகித்தது. நெருக்கம் கூடிய இன்றைய எஞ்சின் என்றால் மண்ணெண்ணெய் தாறுமாறாக வெடித்து, தட்டியே செத்துவிடும்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே காபுரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியபின் மாற்றுவார்கள். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். பேரிங்கும் பிஸ்டன் றிங்கும் தேயும். கெட்டித்தனம்தான், ஆனால் அதற்கு விலை கொடுத்தது எஞ்சின்.

வாங்கலாம். அரைமணி ஓட்டி, சூட்டோடு ஐடிலில் ஒயில் அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள்; பெரிதாக விழுந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். அக்சிலரேற்றரை மிதிக்க நீலப்புகை வந்தால் றிங் போயிற்று. பிறகு காருக்கடியில் படுத்து, சேஸியை (அடிச்சட்டத்தை) சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உப்புக்காற்று உள்ளே தின்றுவிட்டது, விட்டுவிடுங்கள். எஞ்சினைத் திருத்தலாம், சேஸி பெருஞ்செலவு.