வாசகர் கேள்வி: கிளப்புக்குள்ள சாமி வருமா?

"என் பையன் பெங்களூர்ல வேலை பாக்குறான். ராத்திரி முழுக்க ஏதோ டெக்னோ பார்ட்டியில ஆடிட்டு வந்து, 'கோயிலுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்மா'ங்கறான். கோயிலும் டான்ஸும் ஒண்ணா? என்ன பேச்சு இது?" – ஒரு வாசகி, விருதுநகர்

பையனைத் திட்டிடாதீங்கம்மா, இதை முதல்ல சொன்னது அவன் இல்ல. ஃப்ராங்கி நக்கிள்ஸ்னு ஒரு டிஜே, நியூயார்க்காரர், 1977-ல சிகாகோவுக்கு வந்து 'வேர்ஹவுஸ்'ங்கற கிளப்ல பாட்டு போட ஆரம்பிச்சார், இன்னைக்கு 'ஹவுஸ்'னு சொல்ற, டெக்னோவுக்கு நெருங்கின சொந்தமான டான்ஸ் மியூசிக்குக்கு அந்த இடத்துல இருந்துதான் பேர் வந்துச்சு. அந்த கிளப்பைப் பத்தி அவரே சொன்னது, இது கடவுளோட கிருபையில இருந்து விழுந்தவங்களுக்கான சர்ச்னு. அங்க வந்தவங்க பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஓரினச்சேர்க்கையாளர் பசங்க. அவங்கள்ல நெறைய பேர் சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போயி, கைதட்டி காஸ்பெல்ங்கற பக்திப் பாட்டு பாடி வளர்ந்தவங்க, பெரியவனானதும் இவன் இப்படிப்பட்டவன்னு தெரிஞ்சு அதே சர்ச்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அந்தப் பையன் எங்கதான் போவான் சொல்லுங்க? சனிக்கிழமை ராத்திரி இங்க வந்து ஞாயித்துக்கிழமை பகல் வரைக்கும் ஆடுவான்.

உள்ள சாராயம் கிடையாது, ஜூஸ்தான் (வேற சமாச்சாரம் புழங்குச்சு, அது கீழ வருது). நக்கிள்ஸ் டேப்பை வெட்டி ஒட்டி பாட்டை நீட்டிக்கிட்டே போவார். ஒரு வேலை பண்ணுவாராம், எனக்கு ரொம்பப் புடிச்சது அது: நடு ராத்திரி லைட்டையெல்லாம் அணைச்சுட்டு, எக்ஸ்பிரஸ் ரயில் ஓடுற சத்தத்தை மட்டும் ஸ்பீக்கர்ல முழு சவுண்டுல விடுவார். கும்மிருட்டு, வேர்வை, நூத்துக்கணக்கான பேர், தலைக்கு மேல ரயில் போற மாதிரி சத்தம். எல்லாரும் கத்துவாங்க. அந்தக் கத்தல்ல யார் எந்த வீட்டுல இருந்து துரத்தப்பட்டவன்னு எவனுக்குத் தெரியும்?

அந்த தாளமும் அப்படி. நாலு அடியும் ஒரே கனம், நிமிஷத்துக்கு 120 சொச்சம், அதாவது அரை செகண்டுக்கு ஒரு அடி. காதுல கேக்குறதுக்கு முன்னாடி நெஞ்சுல இடிக்கும். ரெண்டு மணி நேரம் அதுல நின்னா பக்கத்துல ஆடுறவன் காலும் உங்க காலும் ஒண்ணா விழ ஆரம்பிச்சிடும், யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

"அப்போ இது நம்ம ஊர் சாமியாட்டம்தானே? புதுசா என்ன இருக்கு?" – ஒரு வாசகர், நாகர்கோவில்

பாதி சரி. எங்க ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுல மகுட மேளம் வேகம் எடுக்க எடுக்க எனக்கே தொடை நடுங்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க. கொடையில ஆடுறது சாமியாடி, நாம சுத்தி நிக்கிறோம், குறி கேக்குறோம், திருநீறு வாங்குறோம். வேர்ஹவுஸ்ல நின்னு வேடிக்கை பாக்க யாரும் இல்ல, எல்லாரும் ஆடுறாங்க, யாரும் யாருக்கும் குறி சொல்லல. அங்க சாமி வந்துச்சுன்னா கூட்டத்து மேல மொத்தமா வந்துச்சு, ஒருத்தன் மேல இல்ல.

ஒருத்தன் மேல வந்தா என்ன ஆகும்ங்கறதுக்கும் உதாரணம் இருக்கு. இங்கிலாந்துல ஷெஃபீல்டுல 1980-கள்ல ஒரு ஆங்கிலிக்கன் சர்ச் குழு, கிளப் மாதிரியே லைட்டு, ஸ்க்ரீன், டான்ஸ் மியூசிக்னு ஆராதனை நடத்துச்சு, இளசுங்க கூட்டம் கூட்டமா வந்தாங்க. அதை நடத்தின தலைவர் பெண்கள்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்னு புகார் வெடிச்சு 1995-ல மூடிட்டாங்க. அதனால 'டிஜேதான் பூசாரி, குரு'ன்னு யாராவது உருகுனா எனக்கு கொஞ்சம் வயித்தக் கலக்கும். பாட்டு போடுறவன் பாட்டு போட்டா போதும்.

"எல்லாம் போதை மாத்திரை பண்ற வேலை, இதுல ஆன்மிகம் எங்க?" – ஒரு வாசகர், ஈரோடு

போதை இருந்துச்சு சார், மறைக்க மாட்டேன். 1988-ல இங்கிலாந்துல ரேவ்ங்கற, ராத்திரி முழுக்க ஆடுற பார்ட்டி அலை கிளம்பினப்போ எக்ஸ்டஸி மாத்திரை அது கூடவே வந்துச்சு, உயிரும் போயிருக்கு. அரசாங்கம் 1994-ல சட்டமே போட்டுச்சு, அதுல ரேவ் மியூசிக்குன்னா 'ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்ற அடி'ன்னு விளக்கம் வேற! ஒரு பார்லிமென்ட் உக்காந்து தாளத்துக்கு இலக்கணம் எழுதுன கதைய வேற எங்க பாப்பீங்க?

ஆனா மாத்திரை மட்டும்தான் காரணம்னா தனியா ரூம்ல உக்காந்து போட்டுக்கலாமே, எதுக்கு கூட்டம்? நியூயார்க்ல டேவிட் மன்குசோன்னு ஒருத்தர், சின்ன வயசுல அனாதை இல்லத்துல இருந்தவர், 1970 பிப்ரவரி 14 அன்னைக்கு தன் வீட்டுலயே ஒரு பார்ட்டி வெச்சார், பின்னாடி அதுக்கு 'லாஃப்ட்'னு பேர் நின்னுச்சு. அழைப்பு இருக்கறவங்கதான் வரலாம், சரக்கு விக்க மாட்டார், சாப்பாடு, ஜூஸ் உண்டு, கூரை முழுக்க பலூன். எல்.எஸ்.டி.ங்கற போதை அங்கயும் இருந்துச்சுதான். ஆனா அந்த பலூனும் ஜூஸும் எங்கிருந்து வந்துச்சுன்னா, சின்னப் புள்ளைல இல்லத்துல ஒரு கன்னியாஸ்திரி குழந்தைங்களுக்கு பாட்டுப் பொட்டி வெச்சு, ஜூஸ் குடுத்து, பலூன் கட்டி ஆட விட்ட ஞாபகம். இல்லத்துல இருந்த புள்ள, ஊரையே வீட்டுக்குக் கூப்பிட்டு அதே பலூனைக் கட்டியிருக்கு.

"கோவாவுல இதெல்லாம் கிடைக்குமா? டிக்கெட் 5,000 ரூபாய்ங்கறாங்க." – ஒரு வாசகர், சென்னை

ஒரு காலத்துல கிடைச்சுச்சு. அஞ்சுனா பீச்ல டிக்கெட்டே இல்லாம, வெயில்ல ரெக்கார்டு வளைஞ்சிடும்னு டேப்புல பாட்டு போட்டு, விடிஞ்சும் ஆடுவாங்க, ஓரமா பாய் விரிச்சு ஊர்ப் பொம்பளைங்க சாயா வித்துக்கிட்டு இருப்பாங்க. இப்ப விஐபிக்கு தனி கேட், நமக்குத் தனி கேட், நடுவுல வேலி. சிறப்பு தரிசன க்யூ மாதிரின்னு வேணா சொல்லலாம், அந்த விஷயத்துல மட்டும் கோயிலும் அதுவும் ஒண்ணுதான். காசு இருந்தா போங்க, காதுக்கு பஞ்சு எடுத்துட்டுப் போங்க.