ட்ராக்குக்குப் பழைய பைக்

கேள்வி: கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பழக ஆசை. பழைய கேடிஎம் ஆர்சி 390 பைக் வாங்கலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு வரும் 390 பெரும்பாலும் யாரோ நன்றாகப் பிழிந்துவிட்டு விற்பதாகத்தான் இருக்கும். யமஹா ஆர்15, இரண்டாம் தலைமுறை வண்டி தேடுங்கள். 149 சிசிதானே என்று முகம் சுளிக்காதீர்கள், வளைவில் வேகத்தை விடாமல் ஓட்ட இந்தச் சின்ன வண்டிதான் கற்றுத்தரும், நேர்பாதையில் யார் வேண்டுமானாலும் முறுக்கலாம்.

பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனென்றால் ஸ்டார்ட் ஆகத் திணறுவதும் டைமிங் செயின் சத்தமும் குளிர்ந்த இன்ஜினில்தான் தெரியும். பெயின்ட் கீறல், உடைந்த ஃபேரிங் (வண்டியின் பிளாஸ்டிக் மேலுறை) பற்றிக் கவலையே படாதீர்கள் (விலையைக் குறைக்க உதவும்!). ஆனால் முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்) எண்ணெய் கசிகிறதா, முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் சிக்குகிறதா, ஃப்ரேமில் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். ஃப்ரேம் வளைந்திருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். ட்ராக்குக்கு மட்டும்தானே என்று ஆர்சி புத்தகம் இல்லாத வண்டியையும் வாங்காதீர்கள், திருட்டு வண்டியாக இருக்கலாம்.

டயர் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரித்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மாற்றிவிடுங்கள். அப்புறம் புது பிரேக் பேட், பிரேக் ஆயில்.

மிச்சப் பணம் லெதர் சூட், கையுறை, பூட்ஸுக்கு. சைலன்ஸர் மாற்றுவதெல்லாம் பிறகு பார்க்கலாம்.