கதவில்லாத கலிங்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. கலிஃபோர்னியாவின் மான்டிசெல்லோ அணையில் ஏரி நீர் ஒரு வட்டத் துளைக்குள் சுருண்டு விழும் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பாடத்தில் கலிங்கு (அணையில் மிகுந்த நீர் வழிந்து போகும் அமைப்பு) வகைகள் என்று ஓகீ, சரிவுக் கால்வாய், பக்கக் கால்வாய், செங்குத்துக் குழல், சைஃபன், படிக்கட்டு என ஒரு பட்டியல் வருகிறது. இவற்றில் எது சிறந்தது? இன்னொரு சந்தேகமும் உண்டு. "கதவில்லாத அணையில் வழிந்து போவது அத்தனையும் வீண். முகட்டின் மேல் கதவு வைத்தால் இன்னும் இரண்டு மீட்டர் நீரைப் பிடிக்கலாமே" என்கிறார் அப்பா. எனக்கும் அது சரியென்றே படுகிறது. வருடத்தில் பத்து நாள்கூட ஓடாத ஒன்றுக்கு இவ்வளவு கான்கிரீட் எதற்கு? தொடக்கநிலையில் வாசிக்க ஒரு புத்தகமும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

எது சிறந்தது, எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்கும் கடிதங்களை நான் வழக்கமாகப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவேன். உங்கள் கடிதம் வந்த வாரம் நான் ஸ்பெயினின் தௌஸ் அணை உடைந்த கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் அப்பாவின் வாக்கியம் நேராகப் போய் அதில் இடித்தது. அதனால்தான் இந்தப் பதில்.

புத்தகத்தை விடுங்கள். கல்லூரி நூலகத்தில் நீரியல் அலமாரி தூசு படிந்துதான் இருக்கும், கையை விட்டு எடுங்கள். எது சிறந்தது என்பதும் கேள்வியே இல்லை. மண் அணையின் உடம்பின் மேல் நீரை விட முடியாது, ஆகவே ஓரத்தில் மலையைக் குடைந்தோ வெட்டியோ சரிவுக் கால்வாய் போடுகிறார்கள். கான்கிரீட் அணையென்றால் அதன் நடுவிலேயே ஓகீ முகடு, அதாவது நீர் வழியும் தலைவிளிம்பு S போல வளைந்து இறங்கும். அமெரிக்காவின் ஹூவர் அணை நிற்பது போன்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கில் முகட்டுக்கு நேர் இடம் கிடைக்காது, அதனால் கரையோரமாக நீளவாக்கில் பக்கக் கால்வாய் வெட்டி நீரைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். இடம்தான் வகையைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

காணொளியைப் பற்றி ஒரு சொல். அது செங்குத்துக் குழல் வகை, அந்தத் துளையின் வாய் சுமார் 22 மீட்டர் அகலம். அதன் அழகைப் பார்த்து மயங்குபவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. திறந்த முகட்டின் மேல் வழியும் நீரின் அளவு, முகட்டுக்கு மேலே நிற்கும் நீர் உயரத்தின் ஒன்றரை அடுக்காக வளர்கிறது. உயரம் இரட்டித்தால் வெளியேற்றம் ஏறக்குறைய 2.8 மடங்கு. செங்குத்துக் குழலின் விளிம்பிலும் முதலில் இப்படித்தான். ஆனால் வெள்ளம் ஏறித் தொண்டை நிரம்பிவிட்டால் அது முகடாக இருப்பதை நிறுத்திவிட்டு வெறும் துவாரமாகிவிடுகிறது. துவாரத்தின் வெளியேற்றம் நீர் உயரத்தின் வர்க்கமூலம்தான், உயரம் இரட்டித்தாலும் 1.4 மடங்கைத் தாண்டாது. வெள்ளம் எதிர்பார்த்ததை மீறும்போது எந்தக் கலிங்கு உங்களுக்காகத் தன் தோளை அகட்டிக்கொடுக்கும், எது கையை விரித்துவிடும் என்பதை இந்த ஒரு அடுக்கு சொல்லிவிடுகிறது. ஆறு வகைகளையும் பட்டியலாக மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கிறார்களா?

இனி அந்த 'வீண்'. உங்கள் மீது எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். மூன்று ஆண்டு பொறியியல் படித்த ஒருவர், வழிந்து போகும் வெள்ளத்தை வீண் என்றும் சும்மா கிடக்கும் கலிங்கை அதிகப்படி கான்கிரீட் என்றும் எழுதலாமா? மண் அணையைத் தாண்டி நீர் வழிந்தால் அது அணையைக் கரைத்துக்கொண்டுதான் போகும். அணை நிற்பதா போவதா என்பதை அந்தப் பத்து நாள்தான் தீர்மானிக்கிறது. குஜராத்தில் 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு-2 அணையில் வந்த வெள்ளம், கலிங்கு கட்டப்பட்ட கணக்கைவிட மிகப் பெரியது. நடுவிலிருந்த கல்கட்டுக் கலிங்கு நின்றது. இரு பக்கத்து மண் கரைகளும் போயின. கீழே மோர்பி நகரம் இருந்தது.

தௌஸுக்கு வருகிறேன். வலென்சியா பகுதியில் ஹூகர் ஆற்றின் மேல் கட்டிய பாறை நிரப்பு அணை. கலிங்கில் பெரிய கதவுகள், மின்சாரத்தால் தூக்குபவை. 1982 அக்டோபர் 20 அன்று கொட்டித் தீர்த்தது மழை. எந்த மழைக்காகக் கதவு வைத்தார்களோ அதே மழை மின்கம்பிகளை அறுத்துவிட்டது. டீசல் ஜெனரேட்டர் இரண்டில் ஒன்று பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது, மற்றது கிளம்பவில்லை. கையால் தூக்கிப் பார்த்தும் பலிக்கவில்லை. மூடிய கதவுகளுக்குப் பின்னால் நீர் ஏறியது, அணையின் தலையைத் தாண்டியது, அணை போய்விட்டது. கதவுகளின் கொள்ளளவில் குறை உண்டா என்பது அடுத்த கேள்வி. அன்றைக்கு அவை திறக்கவே இல்லை. 1991இல் ருமேனியாவின் பெல்சி அணையிலும் ஏறக்குறைய இதே கதைதான்: புயல் மழை, மின்சாரம் இல்லை, கதவுகள் எழவில்லை, மண் அணை கரைந்தது.

இரண்டு இடத்திலும் வெள்ளமும் மின்தடையும் தற்செயலாகச் சேர்ந்து வரவில்லை. இரண்டும் ஒரே மழையின் பிள்ளைகள். வெள்ளத்தின் நிகழ்தகவு, மின்தடையின் நிகழ்தகவு என்று தனித்தனியாக எடுத்து ஒன்றோடொன்று பெருக்கி "மிக மிக அரிது" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாலையும் அதே மழையில்தான் அறுபடுகிறது. பழுதுபார்க்க வரவேண்டிய ஆள் அந்தச் சாலையில்தான் வரவேண்டும்.

கதவு திறக்காமல்தான் கெடும் என்றில்லை. கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் அணையில் 1995 ஜூலை 17 அன்று வெள்ளமே கிடையாது. ஆரக் கதவு (அச்சில் சுழன்று எழும் வில்வடிவக் கதவு) ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தபோதே அதன் தாங்குகைகள் மடங்கிக் கதவு பிய்ந்துபோனது. கதவு சுழலும் அச்சில் துரு, துருவால் உராய்வு. அந்த உராய்வு தாங்குகைகளை வளைக்கும் என்பதை வடிவமைத்தபோது யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

என் பெரியப்பா அணைப் பொறியாளர். விடுமுறையில் என்னைத் தன் வேலையிடத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். அணையின் பெயர் வேண்டாம். வறண்ட கலிங்குச் சரிவில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொல்வார். கான்கிரீட் பலகங்கள் சந்திக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தேய்க்கச் சொல்வார். "படி தட்டுகிறதா?" என்று கேட்பார். சில மில்லிமீட்டர் தட்டினாலும் முகம் சுருங்கிவிடும். உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், ஐம்பது மீட்டர் இறங்கிய நீர் விநாடிக்கு 31 மீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த வேகத்தில் ஒரு சின்னப் படியைத் தாண்டும்போது அழுத்தம் சரிந்து நீரிலேயே ஆவிக்குமிழ்கள் பிறக்கின்றன, சற்றுத் தள்ளி உடைகின்றன. உடைகிற ஒவ்வொன்றும் கான்கிரீட்டில் ஓர் உளிக்குத்து. 1983இல் அமெரிக்காவின் கிளென் கேன்யன் அணையின் சுரங்கக் கலிங்கில் இப்படித்தான் பத்து மீட்டர் ஆழத்துக்குப் பாறைவரை குழி விழுந்தது. பிறகு சுரங்கத்தின் தரையில் காற்று நுழையப் பள்ளம் வெட்டினார்கள். நீரோடு சற்றே காற்றைக் கலந்துவிட்டால் குமிழின் கடி போய்விடுகிறது. அந்த வெள்ளத்தின்போது கதவுகளின் தலையில் ஒட்டுப்பலகைகளை நிறுத்தி ஏரியைப் பிடித்துவைத்தார்கள் என்பதையும் உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். கூடுதல் உயரம் எப்படிப் பிடிக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியவேண்டும்.

ஆனால் பெரியப்பாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது வேறொன்று. கதவுகளை இயக்கும் மேடையில் ஒரு பதிவேடு இருந்தது. மாதந்தோறும் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்ததாக வரிசையாகக் கையெழுத்துகள். எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே உட்காரலில் எழுதியவை. பெரியப்பா அதைப் படித்தார், மூடினார், போய் டீசல் தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்தே வந்தது. அங்கிருந்த பணியாளரை அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அந்த மனிதர் டீசல் கேட்டு எழுதிய கடிதங்களின் நகல்களைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். டீசல் வரவில்லை, கையெழுத்து மட்டும் வேண்டும் என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள். அன்று முழுவதும் பெரியப்பா யாரோடும் பேசவில்லை.

இப்போது சொல்லுங்கள். முகட்டின் மேல் நீங்கள் வைக்கச் சொல்லும் அந்த இரண்டு மீட்டர் கதவோடு ஒரு மோட்டார், ஒரு கம்பி, ஒரு ஜெனரேட்டர், ஒரு டீசல் தொட்டி, அதை நிரப்பப் பணம் ஒதுக்கும் ஓர் அலுவலகம், நள்ளிரவில் தொலைபேசியை எடுக்கும் ஓர் அதிகாரி, அவர் உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒரு மனிதர் எல்லோரும் சேர்ந்து வருகிறார்கள். இவர்களில் எவருக்கும் ஓகீயின் சமன்பாட்டில் குறியீடு கிடையாது. கதவில்லாத முகடு யாரையும் கேட்பதில்லை, நீர் வந்தால் வழிகிறது. அதைவிட முக்கியம், அது வெள்ளத்தைப் பெரிதாக்குவதில்லை. வருவது போவதைவிட அதிகமாக இருக்கும்வரைதான் ஏரி ஏறும், இரண்டும் சமமாகும் கணத்தில் ஏற்றம் நிற்கும். ஆகவே முகட்டில் வெளியேறும் உச்சம், உள்ளே வந்த உச்சத்தைத் தாண்ட முடியாது. கதவு வைத்த அணையில் முடியும். கடைசிவரை பிடித்துவைத்துவிட்டுப் பதறி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால், இயற்கை அனுப்பியதைவிடப் பெரிய வெள்ளத்தை மனிதன் கீழே அனுப்பலாம்.

கதவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய நதி, ஒடுங்கிய பள்ளத்தாக்கு என்றால் வேறு வழியில்லை. மழை வருமுன்பே ஏரியை இறக்கிவைக்கவும் கதவு வேண்டும். ஒரு கதவாவது திறக்காது என்று வைத்துக் கணக்குப் போடும் நல்ல வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். என் பிடிவாதம் ஒன்றுதான்: எல்லாக் கதவுகளும் மூடிக்கிடக்கும் இரவிலும் தானாக வழியும் ஒரு முகடு எங்காவது இருக்கவேண்டும்.

2017 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ஆரோவில் (Oroville) அணையில் நடந்தது என்ன என்று நீங்கள் மடக்கலாம். 235 மீட்டர் உயர அணை. முதலில் பிரதான சரிவு உடைந்தது: பலக இணைப்புகளின் வழியாக அடியில் புகுந்த நீர், விநாடிக்கு சுமார் 1,500 கனமீட்டர் ஓட்டத்திலேயே கான்கிரீட்டைத் தூக்கிவிட்டது. வடிவமைப்பில் அந்தச் சரிவு இதைப்போலப் பல மடங்கைத் தாங்கவேண்டும். பிறகு 1968க்குப் பின் முதல்முறையாக அவசரக் கலிங்கில் நீர் வழிந்தது. அது கதவில்லாத முகடுதான். ஆனால் அதன் கீழே வெறும் மலைச்சரிவு. நீர் மண்ணைக் குடைந்துகொண்டு முகட்டை நோக்கி மேலேறியது, ஏறக்குறைய 1,88,000 பேர் வீட்டைவிட்டு ஓடவேண்டியிருந்தது. முகடு தன் வேலையைச் செய்தது. அதன் அடியில் நீரின் ஆற்றலைத் தணிக்கத் தொட்டியோ தளமோ எதுவும் கட்டாமல் விட்டதுதான் குற்றம். கலிங்கு என்பது முகடு மட்டுமல்ல, நீர் ஆற்றில் சாதுவாகச் சேரும் இடம்வரை கலிங்குதான்.

கதவில்லாத முகட்டையும் மனிதர்கள் கெடுப்பார்கள். அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் அணை ஒரு பணக்காரர்களின் மீன்பிடிச் சங்கத்திடம் வந்தது. வண்டிகள் போவதற்காகக் கரையின் தலையைச் சீவினார்கள். விலைகொடுத்து விட்ட மீன்கள் தப்பிக்கக்கூடாது என்று கலிங்கில் இரும்புவலை அடித்தார்கள். 1889 மே 31 அன்று மரமும் குப்பையும் வந்து அந்த வலையில் அடைத்தன. அணை உடைந்தது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரத்தில் இறந்தவர்கள் 2,209 பேர். அவர்களுக்கும் வழிந்து போகும் மீன் வீண் என்றுதான் பட்டிருக்கும்.

உங்கள் அப்பாவுக்கு உருப்படியாக ஒன்று சொல்லலாம். நேர்கோட்டு முகட்டுக்குப் பதில் சுவரை முன்னும் பின்னுமாக மடித்து மடித்துக் கட்டினால், அதே அகலத்துக்குள் முகட்டின் நீளம் மூன்று மடங்காகும். லாபிரிந்த் என்று உங்கள் பாடத்தில் ஒரு வரியில் வந்திருக்கும். அதன் தம்பியான பியானோ சாவி முகட்டை 2006இல் பிரான்சின் கூலூர் அணையில் கட்டினார்கள். நீளத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், நேர் முகட்டில் இரண்டு மீட்டர் ஏறிப் போகும் வெள்ளம், மடித்த முகட்டில் சுமார் ஒரு மீட்டரிலேயே போய்விடும். மிச்சப்படும் அந்த ஒரு மீட்டருக்கு முகட்டையே உயர்த்திக்கொள்ளலாம். அப்பா கேட்டதில் பாதி, கதவில்லாமலேயே. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மாதிரி செய்து அளந்து பாருங்கள். கணக்கில், வெளியேற்றச் சமன்பாட்டில் வரும் ஓகீயின் குணகத்தை (பெருக்கெண்ணை) அப்படியே போட்டுவிடாதீர்கள். நீர் ஏற ஏற மடிப்புகளுக்குள் விழும் நீர்த்தகடுகள் ஒன்றோடொன்று மோதுவதால் குணகம் இறங்கும், மும்மடங்கு நீளத்தின் பயன் அப்படியே கிடைக்காது. எவ்வளவு இறங்கியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.