வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? குடியும் சோம்பலும்தானே மூல காரணம்?

சில ஆண்டுகளுக்கு முன் இதை என்னிடம் கேட்டிருந்தால் நானும் பாதி தலையாட்டியிருப்பேன். அப்புறம் ஓர் இரவுத் தங்குமிடத்தில் வாரம் ஒருநாள் பதிவேடு எழுதப் போனேன். சுலபமான வேலை. வருகிறவரின் பெயர், வயது, வந்த நேரம். நான்காவது கட்டம் 'நிரந்தர முகவரி'. வீடில்லாதவர்கள் வருகிற இடத்துக்கு அந்தக் கட்டத்தை யார் அச்சடித்தார்களோ! முதல் நாள் ஒரு பெரியவரிடம் பழக்கதோஷத்தில் கேட்டும் விட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் காலி செய்த வீட்டின் கதவு எண்ணையும் தெருவையும் பிசகாமல் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

சரி, குடி. அங்கே குடிக்கிறவர்கள் இருந்தார்கள், மறைப்பானேன். ஆனால் பேசப் பேச முன்பின் மாறியது. தெருவுக்கு வந்த பிறகு குடிக்கத் தொடங்கியவர்கள் பலர். நான் பார்த்த நாற்பது ஐம்பது பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது என்பதும் தெரியும். அதனால் ஒரு பெரிய ஒப்பீட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் போதை மருந்துச் சாவுகள் மக்கள்தொகை விகிதத்தில் மிக அதிகமாக இருந்துவரும் மாநிலங்களில் ஒன்று மேற்கு வர்ஜீனியா. வறுமையும் அங்கே அதிகம். ஆனால் வீடற்றோர் விகிதம் குறைவு. அந்த விகிதம் மிக அதிகமாக இருப்பது கலிபோர்னியா, நியூயார்க், ஹவாய் போன்ற இடங்களில். மேற்கு வர்ஜீனியாவில் குடிகாரருக்கும் கட்டுப்படியாகிற வாடகையில் ஓர் அறை கிடைக்கும். கலிபோர்னியாவில் ஒழுங்காக வேலைக்குப் போகிறவருக்கே கிடைப்பது கஷ்டம். மழை பெய்தால் ஓட்டைக் கூரைதான் முதலில் ஒழுகும். அதற்காக ஓட்டையால்தான் மழை வந்தது என்று சொல்லிவிட முடியாதே. குடி, மனநோய், கடன், விவாகரத்து எல்லாம் ஓட்டைகள். வாடகைதான் மழை.

எத்தனை பேர் என்று கேட்டால், யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஜப்பானில் பூங்கா, ஆற்றங்கரை, ரயில் நிலையம் போன்ற இடங்களில் வாழ்கிறவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள். 2003-ல் 25,296 பேர். 2024-ல் 2,820. உண்மையான சாதனைதான். ஆனால் இரவு முழுக்கத் திறந்திருக்கும் இணைய மையங்களின் தடுப்பறைகளில் தூங்கி எழுகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். டோக்கியோ நிர்வாகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி அந்த ஒரு நகரத்திலேயே ஓர் இரவுக்கு அப்படிச் சுமார் 4,000 பேர். அமெரிக்காவில் ஜனவரியில் ஒரே ஓர் இரவு எண்ணுவார்கள். 2024-ல் 7,71,480 பேர். ஐரோப்பாவில் பயன்படுத்தும் வகைப்பாடு இன்னும் விரிவானது. கூரையே இல்லாதவர், காப்பகத்தில் இருப்பவர், எந்த நாளும் துரத்தப்படலாம் என்ற நிலையில் இருப்பவர், மனிதர் வாழத் தகாத இடத்தில் வாழ்பவர் எல்லோரும் அதில் உண்டு. பெண்கள்தான் பெரும்பாலான கணக்குகளில் நழுவிப்போகிறார்கள். தெருவில் படுப்பது ஆபத்து என்பதால் உறவினர் வீட்டு மூலையில் ஒண்டிக்கொள்வார்கள், அல்லது அடிக்கிற கணவனோடேயே இருந்துவிடுவார்கள்.

தெருவுக்கு வரும் வழிகளில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. சிறை, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவை ஒருவரை வெளியே அனுப்பும் நாள். காலில் கட்டுடன் ஒருவர் நேராக மருத்துவமனையிலிருந்து எங்களிடம் வந்தார். அவர் கையிலிருந்த சீட்டில் 'இரண்டு வாரம் படுக்கை ஓய்வு' என்று எழுதியிருந்தது. எங்கள் விதிப்படி காலை ஆறு மணிக்கு எல்லோரும் வெளியேற வேண்டும். அவரும் வெளியேறினார்.

'தங்குமிடம் இருந்தும் இவர்கள் தெருவில் படுக்கிறார்களே, திமிர்தானே' என்று கேட்பவர்களுக்கும் இதில்தான் பதில். எங்கள் கதவு இரவு எட்டு மணிக்குப் பூட்டப்படும். இரவு வேலைக்குப் போகிறவர் வர முடியாது. கணவன் மனைவியைப் பிரித்துத்தான் படுக்கவைப்போம். நாய்க்கு அனுமதி இல்லை. மூட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்கினாலும் காலையில் செருப்பு இருக்காது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது அவர்களுக்கும்தானே பொருந்தும்?

இப்போது தீர்வுக்கு வருகிறேன். 1998-ல் வெளியான ஓர் ஆய்வு நியூயார்க், பிலடெல்பியா காப்பகங்களின் பதிவுகளை அலசியது. வந்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் ஒருமுறை வந்து, கொஞ்ச நாளில் போய்விட்டவர்கள். வருடக்கணக்கில் தங்கியவர்கள் 10 சதவீதம்தான். ஆனால் காப்பக நாட்களில் ஏறக்குறைய பாதியை அவர்களே பயன்படுத்தியிருந்தார்கள். தெருவில் நம் கண்ணில் படுகிறவர் பெரும்பாலும் அந்தப் பத்தில் ஒருவர். அவரைப் பார்த்துவிட்டு எல்லோரும் அப்படித்தான் என்று முடிவு கட்டுகிறோம்.

பெரும்பான்மையோருக்குத் தேவை சில மாத வாடகை, முன்பணம், வெளியேற்ற வழக்கில் ஒரு வழக்கறிஞர். வான்கூவரில் 2018-ல் தொடங்கிய ஒரு பரிசோதனையில் வீடிழந்த 50 பேருக்கு நிபந்தனை இல்லாமல் தலா 7,500 கனடிய டாலர் கொடுத்தார்கள். பணம் பெறாதவர்களோடு ஒப்பிட்டால், அந்த ஒரு வருடத்தில் அவர்கள் வீடில்லாமல் இருந்த நாட்கள் சராசரியாக 99 குறைவு. குடிக்கும் போதைக்கும் கூடுதலாகச் செலவழிக்கவும் இல்லை. (கடுமையான போதைப் பழக்கம், மனநோய் உள்ளவர்களை முதலிலேயே விலக்கிவிட்டுத்தான் ஆள் எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அந்தப் பத்து சதவீதத்துக்கு வழி வேறு. பழைய முறை, முதலில் குடியை நிறுத்து, மருந்து சாப்பிடு, ஒழுங்காக நடந்து காட்டு, அப்புறம் வீடு என்றது. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கினார். முதலில் சாவி, மற்றதெல்லாம் பிறகு. வருமானத்தில் 30 சதவீதம் வாடகை, உதவிக்கு ஆட்கள் வீடு தேடி வருவார்கள். 2009 முதல் 2013 வரை கனடா அரசு ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்து இதைச் சோதித்தது. கடைசி ஆறு மாதங்களில் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள், சாவி கொடுக்கப்பட்ட தரப்பில் 62 சதவீதம், வழக்கமான உதவி மட்டும் பெற்ற தரப்பில் 31 சதவீதம். குடி, போதையில் மட்டும் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: வீடு கொடுத்தால் வீடில்லாத பிரச்சினை தீரும், குடி தீராது. குடி தீரவில்லை என்பதற்காகச் சாவியைப் பிடுங்கினால் இரண்டும் தீராது.

ஒரு நாடே இதைச் செய்ததென்றால் அது பின்லாந்து. 1980-களின் பிற்பகுதியில் அங்கே 18,000-க்கு மேற்பட்டவர்கள் வீடில்லாமல் இருந்தார்கள். 2008-ல் இந்தக் கொள்கையை அரசுத் திட்டமாக்கி, இரவுக் காப்பகங்களையே குடியிருப்புகளாக மாற்றத் தொடங்கினார்கள். ஹெல்சிங்கியில் 2008-ல் 558 ஆக இருந்த காப்பகப் படுக்கைகள் 2016-ல் 52. 1985-ல் தொடங்கிய ஒய் அறக்கட்டளை சாதாரண அடுக்குமாடிகளில் ஆங்காங்கே வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறது. 'வீடற்றோர் காலனி' என்று தனியாக ஒதுக்காமல் இப்படிச் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2023-ல் எண்ணிக்கை 3,429 வரை இறங்கியது. அடுத்த வருடமே 3,806 ஆக ஏறியது. அதே சமயம் அரசு வீட்டு உதவித்தொகைகளை வெட்டியிருந்தது.

தண்டித்துத் துரத்தும் வழியும் இருக்கிறது. ஹங்கேரி 2018-ல் பொது இடத்தில் வசிப்பதை அரசியலமைப்பிலேயே தடை செய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-ல், வெளியில் படுப்பதற்கு அபராதம் போட நகரங்களுக்கு உரிமை உண்டு என்றது. பணமில்லாதவருக்கு அபராதம்! கட்ட முடியாமல் போனால் அது குற்றப் பதிவில் போய் முடியலாம். அந்தப் பதிவைப் பார்த்தால் வீட்டுக்காரர்கள் வீடு தரத் தயங்குவார்கள்.

தனி ஆளாக நான் என்ன செய்வது என்றால், போர்வை கொடுங்கள், தவறில்லை. அதைவிட, தொலைந்துபோன அடையாள அட்டையை மறுபடி வாங்க அலுவலகத்துக்குக் கூடவே போவது பெரிய உதவி. முகவரி இல்லாமல் அட்டை இல்லை, அட்டை இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் முகவரி இல்லை. இந்தச் சுழலை ஒருவர் தனியாக உடைப்பது மிகவும் கஷ்டம். கதவு எண் சொன்ன பெரியவருக்கு அட்டை வாங்க நாங்கள் ஐந்து முறை அலைந்தோம்.

நான்காவது கட்டத்தை நீக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதியும் கொடுத்தேன். போன மாதம் புதிய பதிவேடு அச்சாகி வந்தது. கட்டம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் 'தற்காலிக முகவரி' என்று இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது.