உள்ளே படபடக்கிறது, வெளியே தெரிகிறதா?

கேள்வி: மாதம் ஒருமுறை அலுவலகக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டியிருக்கிறது. என் முறை நெருங்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, நாக்கு உலர்ந்துவிடுகிறது, கையிலிருக்கும் தாள் ஆடுகிறது. எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று கூசிப்போகிறேன். தன்னம்பிக்கை வர என்ன வழி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தத் தாளை எனக்கு நன்றாகத் தெரியும், சகோதரி. முதன்முதலாக மைக் முன்னால் நின்றபோது என் தாள் சரசரத்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டதாகவே நினைத்தேன். இறங்கி வந்து முன்வரிசைத் தோழியிடம், "ரொம்ப நடுங்கினேனா?" என்றேன். "எப்போ? நிதானமாத்தானே பேசினே!" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, நம்பவே இல்லை.

அவள் சொன்னது நிஜமாகவே இருந்திருக்கும் என்று பல வருடம் கழித்து ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் புரிந்தது. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு அது. பேசுகிறவருக்குத் தன் பதற்றம் அப்பட்டமாகத் தெரிவதாகத் தோன்றும். கேட்பவருக்கோ அதில் கொஞ்சம்தான் தெரியும். இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களே அப்படி மதிப்பிட்டார்கள்.

படபடப்பு உங்கள் திறமைக் குறைவு அல்ல. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, உமிழ்நீர் குறைகிறது. உடம்பு உங்களுக்காகத் தயாராகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் முதல் ஓரிரு நிமிடங்கள்தான் உச்சம், பிறகு தணியும். அதனால் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வருமளவுக்கு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சொல் தவறினால் மொத்தமும் போய்விடும். மெல்லிய தாள் சின்ன நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். கெட்டியான அட்டையில் குறிப்பெழுதி மேஜையில் வையுங்கள். எழுவதற்கு முன் மூச்சை இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள்.

லீவு போட்டுத் தப்பிப்பது மட்டும் வேண்டாம். தப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பயம் வளரும். வேலையையே விடத் தோன்றுமளவுக்குப் போனால், தயங்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாகப் பேசக் கேளுங்கள். காத்திருக்கும் நேரம்தான் பாடாய்ப் படுத்தும். முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் நான் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.