தப்பவிட்ட ஆறு கப்பல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பசிபிக் போர் குறித்த கட்டுரையில் அமெரிக்க அட்மிரல் ரேமண்ட் ஸ்ப்ரூயன்ஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறீர்கள். 1944 ஜூனில் பிலிப்பைன் கடலில் ஜப்பானின் ஒன்பது விமானந்தாங்கிக் கப்பல்கள் எதிரே வந்தன. இரவோடிரவாக மேற்கே பாய்வோம் என்று இவருக்குக் கீழ் விமானந்தாங்கிகளை நடத்திய மிட்ஷர் கேட்டும் இவர் மறுத்தார். ஆறு கப்பல்கள் தப்பின. இன்னொரு அமெரிக்க அட்மிரலான ஹால்சியாக இருந்திருந்தால் விட்டிருப்பாரா? ஹால்சிக்குக் கடற்படையின் மிக உயர்ந்த பதவியான ஐந்தாவது நட்சத்திரம் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் நிதானம் என்பதை நான் தயக்கம் என்பேன்.

கே. மு.

அன்புள்ள கே. மு.,

உங்கள் தகவல்கள் எல்லாம் சரி. ஆனால் 'ஹால்சியாக இருந்திருந்தால்' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அதைக் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. நான்கே மாதத்தில் அதே சோதனை ஹால்சிக்கும் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்ப்ரூயன்ஸ் அங்கே கப்பல் வேட்டைக்குப் போகவில்லை. சைபான், டினியன், குவாம் தீவுகளைப் பிடித்துக் காக்க வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. ஜூன் 15 அன்று சைபானில் படைகள் இறங்கின. 18 இரவில் மிட்ஷர் கேட்டபோது கரையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தான் மேற்கே போனால் ஜப்பானியரின் ஒரு பிரிவு சுற்றிவளைத்து வந்து தரையிறங்கிய படையைத் தாக்கும் என்று அவர் அஞ்சினார். அந்தக் கணிப்பு தவறு. ஜப்பானியத் தளபதி ஓசாவாவிடம் அப்படியொரு பிரிவே கிடையாது. போருக்குப் பிறகு ஸ்ப்ரூயன்ஸே, போர்த்தந்திரமாகப் பார்த்தால் தேடிப்போய் அடித்திருப்பதுதான் மேல், ஆனால் தரையிறக்கத்தைப் பணயம் வைக்க முடியாது என்று எழுதினார். உங்கள் கட்சிக்கு அவரே பாதி சாட்சி.

மறுநாள், 19 அன்று, நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஓசாவாவின் விமானங்கள் அலை அலையாக வந்து விழுந்தன. அமெரிக்க விமானிகள் அதை வான்கோழி வேட்டை என்று கேலியாகச் சொன்னார்கள். தைஹோ, ஷோகாகு என்னும் இரு கப்பல்களை நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. 20 மாலை ஹியோவும் போயிற்று. 400க்கு மேற்பட்ட விமானங்களோடு வந்தவர், சுமார் 35உடன் திரும்பினார். தப்பிய ஆறும் மாடில்லாத வண்டிகள். கப்பல் கட்டலாம், பழகிய விமானிகளுக்கு எங்கே போவது?

இப்போது ஹால்சி. 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் அமெரிக்கப் படைகள் இறங்கின. அந்த ஆறில் நான்கு கப்பல்களை (சுய்காகு, சுய்ஹோ, சிதோசே, சியோதா) ஓசாவா வடக்கே தூண்டிலாக நிறுத்தினார். ஹால்சி மொத்தப் படையோடு பாய்ந்தார். லெய்ட்டேக்கு வரும் வழியான சான் பெர்னார்டினோ நீரிணையில் காவலுக்கு ஒரு கப்பலும் இல்லை. வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுத் திருடனைத் துரத்திய கதை. 25 காலையில் அந்த வழியாக யமாதோ என்ற பெரும் போர்க்கப்பலோடு இன்னொரு ஜப்பானியத் தளபதி குரிதா வந்து சேர்ந்தார். எதிரே அமெரிக்கரின் ஆறு சின்ன விமானந்தாங்கிகளும் ஏழு துணைக் கப்பல்களும். அவர்கள் போராடிய விதமும், குரிதா திடீரென்று திரும்பிப் போனதும்தான் அன்று காப்பாற்றின. ஹால்சி அந்த நான்கையும் மூழ்கடித்தார், அதை மறைக்கவில்லை. எதிரிக் கடற்படையை அழிக்கும் வாய்ப்பு வந்தால் அதுவே முதல் வேலை என்று அவருக்கான ஆணையில் பசிபிக் கடற்படையின் தலைமைத் தளபதி நிமிட்ஸ் எழுதியிருந்தார் என்பதும் உண்மை. ஸ்ப்ரூயன்ஸ் மீது எழுந்த முணுமுணுப்பு ஹால்சியின் காதிலும் விழுந்திருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொரு வேடிக்கை: இருவரும் நடத்தியது பெரும்பாலும் அதே கப்பல்களைத்தான். ஸ்ப்ரூயன்ஸ் ஏறினால் ஐந்தாம் கடற்படை, ஹால்சி ஏறினால் மூன்றாம் கடற்படை.

தயக்கம் என்ற சொல்லை மட்டும் ஏற்க மாட்டேன். 1942இல் மிட்வே கடற்போருக்குச் சற்று முன் ஹால்சி தோல்நோயால் மருத்துவமனையில் படுத்தபோது, அவரே பரிந்துரைத்துத்தான் ஸ்ப்ரூயன்ஸ் வந்தார். குரூசர் கப்பல்களின் தளபதி, விமானியே அல்ல. ஜூன் 4 காலையில், பல விமானங்கள் திரும்பிவர எரிபொருள் போதாமல் போகக்கூடிய தொலைவிலிருந்தே ஏவத் துணிந்தார். அன்று இரவு கிழக்கே விலகினார். அதற்கும் வசை. ஜப்பானியக் கடற்படைத் தளபதி யாமமோட்டோவோ அந்த இரவில் பெரும் பீரங்கிக் கப்பல்களோடு இரவுச் சண்டைக்கு ஆசைப்பட்டுக் கொண்டிருந்தார்.

ஐந்து நட்சத்திரப் பதவி கடற்படைக்கு நான்குதான். லேஹி, கிங், நிமிட்ஸ் மூவருக்கும் 1944இலேயே போய்விட்டது. மிஞ்சிய ஒன்று 1945 டிசம்பரில் ஹால்சிக்கு. ஸ்ப்ரூயன்ஸுக்கு வாழ்நாள் முழுவதும் அட்மிரலின் முழுச் சம்பளம் தந்தார்கள். பத்திரிகையாளர்களைக் கண்டால் ஒதுங்கி, நாள்தோறும் மைல்கணக்கில் நடந்துகொண்டிருந்த மனிதர், 1969இல் இறந்தார். கலிபோர்னியாவில் சான் புரூனோ கல்லறைத் தோட்டத்தில், முன்பே பேசிவைத்தபடி, நான்கு அட்மிரல்கள் அருகருகே படுத்திருக்கிறார்கள். நிமிட்ஸ், ஸ்ப்ரூயன்ஸ், சைபானில் அந்தத் தரையிறக்கத்தை நடத்திய டர்னர், தைஹோவையும் ஷோகாகுவையும் மூழ்கடித்த நீர்மூழ்கிகளின் தலைவர் லாக்வுட்.

அன்புடன்,
ஆசிரியர்