மட்டக்களப்பு வாவி: நீங்கள் கேட்டவையும் என் பதிலும்

வாவியை நம்பிப் பிழைக்கிறவர்களும் அதன் கரையில் குடியிருக்கிறவர்களும் கிழக்கின் மற்ற ஊர்க்காரர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கல்லடி, மீனவர்: அக்கா, காலையில் பாலத்தடியில் மீன் செத்து மிதக்குது. யாரோ நஞ்சு ஊத்திட்டாங்கள் என்று சனம் கதைக்குது. உண்மையா?

நஞ்சாகவும் இருக்கலாம் தம்பி. ஆனால் முதலில் மூச்சுத் திணறலைச் சந்தேகியுங்கள். விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? பெரிய மீன் முதலில் செத்து, குஞ்சுகள் ஓரளவு தப்பியிருக்கிறதா? அப்படியென்றால் தண்ணீரில் ஒட்சிசன் குறைந்திருக்கிறது. பெரிது, சிறிது, நண்டு, இறால் எல்லாம் பட்டப்பகலில் ஒன்றாகச் செத்தால் நஞ்சைத் தேட வேண்டும்.

ஊர்க் கழிவும் வயல் பசளையும் வாவிக்கு வந்தால் பாசி பெருகும். பகலில் அந்தப் பாசி ஒட்சிசனை விடும், இரவில் அதுவே ஒட்சிசனை எடுக்கும். அடியில் அழுகுகிற பாசியும் சேர்ந்து குடித்துவிடும். அதனால் விடியுமுன்தான் அளவு மிகக் குறைவு. காற்றடிக்காமல் மேகம் மூடிக் கிடக்கிற நாளில் இன்னும் மோசம். நாம் தோற்பதும் இங்கேதான். அதிகாரிகள் பத்து மணிக்கு வந்து ஒட்சிசன் மீற்றரை விட்டுப் பார்த்தால் அளவு நன்றாகவே இருக்கும், "பிரச்சினை இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். போத்தலில் எடுத்துப் போனாலும் வழியில் அளவு மாறிவிடும். விடியுமுன், அந்த இடத்திலேயே அளக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன் தாங்காது.

நஞ்சுச் சந்தேகம் இருந்தால் கழுவிய கண்ணாடிப் போத்தலில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள். இடம், நேரம், படம் மூன்றும் வேண்டும். செத்த மீனை விற்கவும் வேண்டாம், ஆக்கவும் வேண்டாம்.

நாவிதன்வெளி, விவசாயி: எல்லாத்துக்கும் எங்கட பசளையையே குறை சொல்லுறீங்க. வயலை விடச் சொல்லுறீங்களா?

இல்லை ஐயா. ஆனால் கல்லோயா நீர்ப்பாசனத் திட்ட வயல்களின் வடிச்சலில் ஒரு பகுதி கடைசியில் வாவிக்குத்தான் வருகிறது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது யூரியா எறியாதீர்கள், அது பயிருக்குச் சேராது, காசும் தண்ணீரோடு போகும். மருந்தடிக்கிற டாங்கியை வாய்க்காலில் கழுவ வேண்டாம். இந்த இரண்டையும் ஒரு வயல் கண்டம் முழுக்கச் செய்தாலே பெரிய உதவி.

பெரியகல்லாறு: மாரியில் வெள்ளம் ஏறுது. முகத்துவாரத்தை நாங்களே வெட்டினால் என்ன?

வேண்டாம். வாவி கடலோடு சேர்கிற அந்த வாய் வெள்ளம் வடிய மட்டும் அல்ல, இறாலுக்கும் வழி. இறால் கடலில் முட்டையிடும், குஞ்சு வாவிக்குள் வந்து வளரும், வளர்ந்தது திரும்பக் கடலுக்குப் போகும். பாலமீன்மடுவும் கல்லாறும்தான் அதற்கு வாசல். நெடுநாள் அடைபட்டுக் கிடந்தால் இறால் வரத்து விழும். கண்ட நேரத்தில் வெட்டினால் தண்ணீர் ஒரேயடியாக வடிந்து உப்பு ஏறும். வெட்டும் நாளை முடிவு செய்கிற கூட்டத்தில் படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) விவசாயியும் மீனவரும் இருக்க வேண்டும் என்று இப்போதே மாவட்டச் செயலகத்துக்கு எழுதுங்கள், வெள்ளம் வந்த பிறகு யாருக்கும் கேட்க நேரம் இருக்காது.

வாழைச்சேனை: தங்கூசி வலை (ஒற்றை இழை நைலோன் வலை) இல்லாமல் அடுப்பு எரியாது அக்கா.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அது தடைசெய்யப்பட்ட வலை. அறுந்து அடியில் கிடந்தாலும் உக்காது, நாளைக்கு நீங்கள் பிடிக்க வேண்டிய மீனை அங்கேயே கொன்றுகொண்டிருக்கும். வலை மாற்றுவதற்கு உதவி கேட்டு, தனியாக இல்லாமல் சங்கமாகப் போங்கள்.

பொத்துவில், ஆசிரியை: பிள்ளைகளை வைத்துக் கண்டல் (அலையாத்தி) மரம் நடலாமா?

நடுவதற்கு முன் ஒன்று பாருங்கள் டீச்சர், அங்கே முன்பு கண்டல் நின்றதா? நின்றிருந்தால் ஏன் அழிந்தது? சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்டதில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. எந்நேரமும் தண்ணீர் நிற்கிற இடத்தில் நட்டதும் அதற்கு ஒரு காரணம். நீரோட்டத்தை மண்ணோ வீதியோ அடைத்திருந்தால் அதைத் திறக்க வழி தேடுங்கள், பக்கத்தில் தாய் மரம் இருந்தால் விதை தானாக மிதந்து வந்து ஊன்றும். முளைத்ததை மாடு மேயாமல் காவல் பார்ப்பது பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை.

மட்டக்களப்பு நகர்: எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரவில் கிரவல் கொட்டி வாவிக்கரையை நிரப்புகிறார்கள். கேட்டால் அனுமதி இருக்கிறது என்கிறார்கள். எங்கே போவது?

சண்டைக்குப் போகாதீர்கள். தேதியோடு படம் எடுத்து, பிரதேச செயலகம், கரையோரம் பேணல் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை மூன்றுக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்புறம் 2016 இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அனுமதியின் பிரதியைக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும் (அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்பவர்), அங்கும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகவே கேட்கலாம், எழுதிக்கொடுப்பது அங்குள்ள தகவல் அலுவலரின் கடமை.